ஹெட்லைட் வயரிலேயே சேர்த்துவிடலாமா? பைக்கில் கூடுதல் எல்.இ.டி. விளக்கு மாட்டுவது பற்றி

கேள்வி இதுதான். 150 சிசி பைக், ஹாலஜன் ஹெட்லைட். இரவில் தெருவிளக்கு இல்லாத சாலைகளில் வெளிச்சம் போதவில்லை. தலா 40 வாட் என்று அட்டையில் போட்ட இரண்டு எல்.இ.டி. விளக்குகள் வாங்கியாகிவிட்டது. இவற்றை ஹெட்லைட்டுக்குப் போகும் வயரிலேயே சேர்த்துவிடலாமா? பேட்டரி இறங்கிவிடுமா? எங்கே மாட்டினால் நல்லது?

சுருக்கமான பதில்: ஹெட்லைட் வயரில் நேரடியாகச் சேர்க்காதீர்கள். பேட்டரியில் இருந்து ஃபியூஸ், ரிலே (சின்னக் கரண்டால் இயங்கி, பெரிய கரண்டை விட்டு நிறுத்தும் மின்சார சுவிட்ச்) வழியாகத் தனி வயர் இழுங்கள். ரிலேயை இயக்கும் சிக்னலை மட்டும் ஹை பீம் வயரில் இருந்து எடுங்கள். அப்படிச் செய்தால் எதிரே வண்டி வரும்போது கட்டைவிரலால் ஒருமுறை டிம் செய்தாலே ஹெட்லைட்டும் தாழும், கூடுதல் விளக்கும் அணையும். இதில் எதை விட்டாலும் அந்த ஹை பீம் இணைப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்பேன். பேட்டரி தாங்குமா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்தே பார்த்துவிடலாம். இனி ஒவ்வொன்றாக.

முதலில் மின்சாரக் கணக்கு. வண்டி ஓடும்போது மின்சாரம் தருவது பேட்டரி அல்ல, எஞ்சினோடு சுற்றும் மேக்னட்டும் ஸ்டேட்டர் காயிலும்தான். சிறிய பைக்குகளில் அதன் உற்பத்தி பொதுவாக 100 முதல் 200 வாட் வரை இருக்கும். அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றும்போது சொல்லப்படும் எண். ஐடிலிங்கில் அதில் ஒரு பங்குதான் வரும். இதில் இக்னிஷனும், ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் பம்ப்பும் சேர்ந்து சில பத்து வாட்டை எடுத்துக்கொள்ளும். ஹெட்லைட் 35 வாட் என்றால் அது தனி. டெயில் லைட், மீட்டர், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் அதற்கு மேல். மிச்சம் இருப்பதில்தான் உங்கள் புது விளக்குகள் ஓட வேண்டும். இந்தக் கணக்கில் 80 வாட் சின்ன எண் இல்லை.

ஆனால் அட்டையில் போட்ட வாட்டை அப்படியே நம்பவும் வேண்டாம். பல விளக்குகளில் அது எல்.இ.டி. சில்லுகள் அதிகபட்சம் தாங்கக்கூடிய அளவைக் கூட்டிப் போட்டது. உண்மையில் இழுக்கும் கரண்ட் வேறாக இருக்கும். மல்ட்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்து, விளக்குக்குப் போகும் பாசிட்டிவ் வயருக்கு நடுவில் தொடராக இணைத்து, ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டுப் பாருங்கள். 13 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் காட்டினால் அது 20 வாட் விளக்கு. 3 ஆம்பியர் காட்டினால்தான் அது 40 வாட். இனி வரும் ஃபியூஸ், வயர் கணக்கெல்லாம் இந்த அளவை வைத்துத்தான். கீழே நான் இரண்டுக்கும் சேர்த்து 6 ஆம்பியர் என்றே வைத்துக்கொள்கிறேன். அட்டை சொல்வது உண்மையாக இருந்தால் அதுதான் வரும்.

பேட்டரி தாங்குமா என்ற கேள்விக்கும் அதே மீட்டர்தான் பதில். எஞ்சின் ஓடாமல் சில மணி நேரம் நின்ற, முழு சார்ஜில் உள்ள பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடி சார்ஜ் ஏறும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். விளக்குகளை மாட்டியபின் ஹை பீம், கூடுதல் விளக்கு, பிரேக் லைட் எல்லாவற்றையும் போட்டு, நீங்கள் வழக்கமாக ஓட்டும் ஆர்.பி.எம்.மில் எஞ்சினை வைத்து, பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 13.2-க்கு மேல் நிற்கிறது என்றால் கவலை இல்லை. 12.8-க்குக் கீழே போய் அங்கேயே நிற்கிறது என்றால் ஸ்டேட்டர் தருவது போதவில்லை, பேட்டரியில் இருந்து கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது பெரிய பேட்டரி போட்டுப் பயனில்லை, கரையும் நேரம்தான் கொஞ்சம் நீளும். விளக்கின் வாட்டைக் குறைப்பதுதான் வழி. சிக்னலில் நிற்கும்போது மட்டும் வோல்ட் கொஞ்சம் இறங்கி, நகர்ந்ததும் ஏறிவிடுகிறது என்றால் பரவாயில்லை.

கூடுதல் விளக்கு போட்டால் ஸ்டேட்டர் காயில் எரிந்துவிடும் என்று ஒரு பயம் உண்டு. ஸ்டேட்டர் தரும் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டில் நிறுத்துவது ரெகுலேட்டர். பல பைக்குகளில் இருப்பது அதில் ஷன்ட் வகை. அதில் ஸ்டேட்டர் எப்போதும் முழு அளவில் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். தேவைக்கு மிஞ்சியதை ரெகுலேட்டர் குறுக்கே திருப்பி வெப்பமாக வீணாக்கும். அந்த வீணாகும் பங்கைத்தான் உங்கள் விளக்கு எடுத்துக்கொள்கிறது. உற்பத்தி அளவுக்குள் இருக்கும்வரை காயிலுக்குப் புதிதாகச் சுமை எதுவும் ஏறிவிடாது. சீரீஸ் வகை ரெகுலேட்டர் உள்ள வண்டிகளில் சுமைக்கேற்ப காயிலில் ஓடும் கரண்ட் கூடும், ஆனால் அங்கும் அளவைத் தாண்டாதவரை ஆபத்தில்லை.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பழைய சிறிய பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட் ஓடுவது பேட்டரியில் அல்ல, ஸ்டேட்டரில் இருந்து வரும் ஏ.சி. மின்சாரத்தில். கண்டுபிடிப்பது சுலபம். எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் திருப்பினால் ஹெட்லைட் எரியாது. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் வெளிச்சம் கூடும், விட்டால் மங்கும். அந்த வயரில் எல்.இ.டி. விளக்கை இணைத்தால் சில நாளிலேயே அதனுள் கரண்டைச் சீராக்கித் தரும் டிரைவர் சர்க்யூட் போய்விடும். ரிலேயை இயக்கவும் அந்த வயர் உதவாது, டி.சி. ரிலே அதில் படபடவென்று அடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வண்டியில் ரிலேக்கான சிக்னலை இக்னிஷன் ஆன் செய்தால் மின்சாரம் வரும் ஒரு டி.சி. வயரில் இருந்து எடுத்து, ஹேண்டில்பாரில் கட்டைவிரல் எட்டும் இடத்தில் தனி சுவிட்ச் வைக்க வேண்டும்.

சரி, ஹெட்லைட் வயரில் ஏன் சேர்க்கக் கூடாது? உங்கள் ஹெட்லைட்டில் இருப்பது ஹெச்.எஸ்.1 பல்பாக இருந்தால் அது 35 வாட், ஏறத்தாழ 2.6 ஆம்பியர். அந்த வயரும், ஹேண்டில்பாரில் உள்ள டிம் சுவிட்சின் சின்னஞ்சிறு பித்தளைத் தொடுமுனையும் அந்த அளவுக்காகச் செய்யப்பட்டவை. அதில் இன்னொரு 6 ஆம்பியரைச் சேர்த்தால் மூன்று மடங்குக்கு மேல் கரண்ட் ஓடும். முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் தொடுமுனை சூடாகிக் கறுக்கும், கறுத்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடாகும். அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இளகி, ஒருநாள் நல்ல இருட்டில் ஹெட்லைட்டும் சேர்ந்தே அணையும். அப்படி எரிந்த சுவிட்சைக் கழற்றிப் பார்த்தால், சுவிட்ச் நகரும் தடத்தில் தொடுமுனை பக்கவாட்டில் சாய்ந்து பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கிடக்கும்.

ரிலே இந்தச் சுமையைச் சுவிட்சிடம் இருந்து எடுத்துவிடுகிறது. ரிலேயின் காயில் இழுப்பது 0.2 ஆம்பியருக்கும் குறைவு. டிம் சுவிட்ச் அதை மட்டும் தாங்கினால் போதும். 6 ஆம்பியர் ஓடுவது பேட்டரியில் இருந்து ரிலேயின் கனமான தொடுமுனை வழியாக நேரே விளக்குக்கு. வாகனங்களுக்கான 12 வோல்ட் ரிலேயில் கால்களுக்கு எண் போட்டிருக்கும். 30-வது காலுக்கு பேட்டரி பாசிட்டிவ், ஃபியூஸ் வழியாக. 87-ல் இருந்து விளக்குகளுக்கு. 86-க்கு ஹை பீம் சிக்னல். 85 நெகட்டிவுக்கு. கடையில் ஐந்து கால் ரிலே கொடுத்தால் நடுவில் 87ஏ என்று ஒரு கால் இருக்கும். அது ரிலே இயங்காதபோது மின்சாரம் தரும் கால். தவறி அதில் விளக்கைக் கொடுத்தால் சாவியை எடுத்தபின்னும் விளக்கு எரியும், டிம் செய்தால் எரியும், ஹை பீம் போட்டால் அணையும். அந்தக் காலை ஒரு ஸ்லீவால் மூடிவிடுங்கள்.

ரிலே காயில் அணையும்போது ஒரு கணம் உயர் வோல்ட்டேஜ் துடிப்பு ஒன்றைத் திருப்பி அனுப்பும். எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த வண்டிகளுக்கு அது நல்லதல்ல. உள்ளேயே டயோடு அல்லது ரெசிஸ்டர் வைத்த ரிலேயாகக் கேட்டு வாங்குங்கள். டயோடு உள்ளதில் 85, 86 இரண்டையும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. எது பாசிட்டிவ் என்று ரிலேயின் மேல் அச்சிட்ட படத்திலேயே இருக்கும்.

ஃபியூஸ் எங்கே, எவ்வளவு என்பதில் கறாராக இருங்கள். பேட்டரி பாசிட்டிவில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே இருக்கும் துண்டு எந்தப் பாதுகாப்பும் இல்லாத துண்டு. அது ஃபிரேமில் உரசி இன்சுலேஷன் போய்விட்டால், சிறிய பேட்டரிகூட நூறு ஆம்பியர் அளவில் கொட்டும். வயர் போகும் வழிக்கு மேலே இருப்பது பெட்ரோல் டேங்க். 6 ஆம்பியர் சுமைக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ். அளந்து பார்த்ததில் 3 ஆம்பியர்தான் என்றால் 5 போதும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 20, 30 என்று ஏற்றினால் அடுத்து எரிவது வயராக இருக்கும். போவதற்குக் காரணம் எங்கோ உரசல், அதைத்தான் தேட வேண்டும்.

வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. அதன் தடை மீட்டருக்கு சுமார் 0.012 ஓம். போக 2 மீட்டர், வர 2 மீட்டர் என்று வைத்தால் 6 ஆம்பியரில் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கும். 0.5 வயரில் அதே தூரத்துக்கு 0.8 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். பல எல்.இ.டி. டிரைவர்கள் வோல்ட் குறைந்தால் அதே வெளிச்சத்தைத் தர இன்னும் அதிகக் கரண்டை இழுக்கும், வயர் இன்னும் சூடாகும். சில ரெடிமேட் வயரிங் செட்டுகளில் தடியாகத் தெரியும் வயரின் தோலை உரித்தால் உள்ளே நாலைந்து இழைதான் இருக்கும். கத்தியால் சுரண்டினால் செம்புப் பூச்சுக்குக் கீழே வெள்ளையாக அலுமினியம் தெரியும். அதை வைத்து வேலை செய்யாதீர்கள். அலுமினியம் அதே தடிமனில் கரண்டைக் குறைவாகக் கடத்தும், அதிர்வில் சீக்கிரம் முறியும், ஈரம் பட்டால் பொடிந்துபோகும். ரிலே சிக்னல் வயருக்கு மட்டும் 0.5 போதுமானது.

நெகட்டிவ் வயரை ஃபிரேமில் ஏதோ ஒரு போல்ட்டில் மாட்டிவிடுவது எளிது. ஆனால் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட், பெயின்ட்டுக்கு அடியில் நாளடைவில் துரு. விளக்கு சிமிட்டுகிறது என்று கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கும். இன்னொரு வயர் கூடுதலாகப் போனாலும் சரி, பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோங்கள்.

இணைப்புகளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் பைக்கில் வயரிங் கெடுவது பெரும்பாலும் இணைப்பில்தான். இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றினால் எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை இளகி வழியும், டேப் நழுவும், மழைத் தண்ணீர் உள்ளே போகும். ஈயம் வைப்பது உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஈயம் இழைகளுக்குள் உறிஞ்சப்பட்டுக் கொஞ்ச தூரம் ஏறி, அந்தப் பகுதியை விறைப்பான கம்பியாக்கிவிடும். அதிர்வு முழுக்க அந்த விறைப்பு முடியும் இடத்தில் விழும், வயர் அங்கேதான் முறியும். இணைப்பு அப்படியே இருக்கும், அதற்கு அரை அங்குலம் தள்ளி அறுந்திருக்கும். சரியான அளவு டெர்மினலை அதற்கான கிரிம்பிங் கருவியால் அழுத்தி, உட்புறம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடாக்குங்கள். ஸ்லீவின் இரு முனைகளிலும் பசை லேசாகப் பிதுங்கி வளையம் போல் நிற்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் போகாது. ஸ்லீவ் போடுவதற்கு முன் டெர்மினலை ஒரு கையிலும் வயரை ஒரு கையிலும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வந்துவிடட்டும்.

ஹை பீம் சிக்னலை எடுக்க வண்டியின் வயரைத் தோலுரிக்க வேண்டியதில்லை. ஹெட்லைட் பல்பின் கப்ளருக்கும் பல்புக்கும் நடுவே சொருகும் ஒய் வடிவ அடாப்டர் கிடைக்கிறது. அதில் ஹை பீம் காலில் இருந்து ஒரு சின்ன வயர் எடுத்தால் போதும். கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும், வாரன்டி பற்றிய சச்சரவும் குறையும். வயரின் மேல் வைத்து இடுக்கியால் அழுத்தினால் பிளேடு உள்ளே வெட்டித் தொடும் நீல, சிவப்பு கிளிப்புகள் வேண்டாம். இழைகளில் பாதியை அவை வெட்டிவிடும்.

அந்தக் கப்ளரில் எந்தக் கால் ஹை பீம் என்பதை வயர் நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். ஹை பீம் போட்டால் 12 வோல்ட் வந்து, டிம் செய்தால் சுழியம் ஆகும் கால்தான் வேண்டியது. சில வண்டிகளில் பாசிட்டிவ் எப்போதும் இருக்கும், சுவிட்ச் நெகட்டிவ் பக்கத்தில் வேலை செய்யும். அப்படி இருந்தால் ஹை பீம் காலை ரிலேயின் 85-க்கும், அந்தப் பொதுப் பாசிட்டிவை 86-க்கும் கொடுங்கள். ஹெட்லைட்டே எல்.இ.டி.யாக, கம்ப்யூட்டர் யூனிட் வழியாக இயங்கும் வண்டிகள் என்றால் இதைத் தொடவே வேண்டாம். அங்கே மின்சாரம் வேகமாக விட்டு விட்டுத் துடிப்பாகப் போகலாம், ரிலே அதில் டிக் டிக் என்று அடித்துக்கொள்ளும். யூனிட் பழுது என்று எச்சரிக்கை விளக்கையும் எரியவிடலாம். அந்த வண்டிக்கென்றே தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் துணைக்கருவி கப்ளரையோ, கேன் பஸ்ஸுக்கான (வண்டியின் யூனிட்டுகள் தமக்குள் தகவல் பரிமாறும் வயரிங்) தனி மாட்யூலையோ பயன்படுத்துவதுதான் வழி.

சிக்னல் வயரின் நடுவில் ஒரு ஆன்–ஆஃப் சுவிட்சும் தொடராக வையுங்கள். ஹை பீமும் போட்டிருக்க வேண்டும், இந்தச் சுவிட்சும் ஆனில் இருக்க வேண்டும், அப்போதுதான் விளக்கு எரியும். இது எதற்கு என்றால், பாஸ் பட்டனை அழுத்தும்போதும் ஹை பீம் வயரில்தான் மின்சாரம் வரும். ஊருக்குள் ஒருவருக்கு வழி விடச் சொல்லி லேசாகத் தட்டினால்கூட இரண்டு எல்.இ.டி.யும் அவர் முகத்தில் பளீரென்று அடிக்கும். ஊர் எல்லைக்குள் வந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டால் அந்தத் தொந்தரவு இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெள்ளை, மஞ்சள், சிமிட்டல் என்று மூன்று நிலை உள்ள விளக்குகள் நிறைய விற்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை மின்சாரத்தை அணைத்துப் போட்டால் அடுத்த நிலைக்கு மாறும். அப்படிப்பட்டதை ஹை பீமோடு இணைத்தால், டிம் செய்துவிட்டு மறுபடி ஹை பீம் போடும்போது வெள்ளைக்குப் பதில் மஞ்சள் வரும், அதற்கடுத்து சிமிட்ட ஆரம்பிக்கும். நீங்கள் வாங்கியது அந்த வகை என்றால் மாற்றிவிட்டு ஒரே நிறம், ஒரே நிலை உள்ளதை வாங்குங்கள். சிமிட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு இரவில் ஓட்டுவது எதிரே வருபவருக்கு உண்மையிலேயே ஆபத்து. விட்டு விட்டு எரியும் ஒளியில் உங்கள் தூரத்தையும் வேகத்தையும் அவரால் கணிக்கவே முடியாது.

இப்போது வெளிச்சம். எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்று முதலில் யோசியுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றைப் பார்த்து மூளை உணர்ந்து கை பிரேக்குக்குப் போக 1.5 நொடி என்றால் அதற்குள் 25 மீட்டர் போயிருப்பீர்கள். காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் நிற்க இன்னொரு 23 மீட்டர். மொத்தம் 48. வேகம் 80 என்றால் அது 74 மீட்டருக்குப் பக்கம் வரும், 100 என்றால் 100 மீட்டரைத் தாண்டும். சாதாரண டிம் வெளிச்சத்தில் இருட்டான ஆடை போட்டவர் ஒருவர் 80-க்குத் தேவையான அந்தத் தூரத்தில் தெரியவே மாட்டார்.

எனவே கூட்ட வேண்டியது தொலைவில் விழும் வெளிச்சம். அட்டையில் உள்ள லூமன் எண் அதைச் சொல்லாது. லூமன் என்பது விளக்கில் இருந்து எல்லாத் திசையிலும் வரும் ஒளியின் மொத்தம். சாலையில் குறிப்பிட்ட இடத்தில் எவ்வளவு விழுகிறது என்பதைச் சொல்வது லக்ஸ். தூரம் இரண்டு மடங்கானால் அதே வெளிச்சத்துக்கு நான்கு மடங்கு ஒளி வேண்டும். ஆகவே ஒளியைச் சிதறவிடும் விளக்கைவிடக் குவிக்கும் லென்ஸோ ரிஃப்ளெக்டரோ உள்ள, வாட் குறைந்த விளக்கு தொலைவுக்கு நன்றாக வேலை செய்யும். அது மட்டுமல்ல, முன் சக்கரத்தை ஒட்டிப் பத்து மீட்டருக்குள் வெள்ளைவெளேர் என்று வெளிச்சம் கொட்டினால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிக்கொள்ளும், கண்பாப்பா சுருங்கும், அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் முன்பைவிட இருட்டாகத் தெரியும். புது விளக்கு போட்டதும் 'ஆகா, பகல் மாதிரி இருக்கிறதே' என்று தோன்றுவது பெரும்பாலும் இந்தப் பக்கத்து வெளிச்சத்தால்தான். நிற்க வேண்டிய தூரத்தில் ஒன்றும் தெரியாமலே அந்த மகிழ்ச்சி வந்துவிடும். மாட்டிய அன்று இரவு தொலைவில் உள்ள ஒரு மைல்கல்லையோ மரத்தையோ குறியாக வைத்து, விளக்கோடும் விளக்கு இல்லாமலும் பாருங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை என் விருப்பம் 4,000 முதல் 5,000 கெல்வின். 6,500-க்கு மேல் போனால் நீலம் தூக்கலாகி ஈரச் சாலையில் விவரம் தெரியாமல் போகிறது, எதிரே வருபவருக்கும் கூச்சம் அதிகம். மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்று சொல்வார்கள். பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை என்பதால் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சளில் நீலம் இல்லாததால் திரும்பி வரும் ஒளி கண்ணுக்குக் கூச்சம் குறைவாகத் தெரிகிறது, அவ்வளவே. பனியில் உண்மையில் உதவுவது விளக்கு தாழ்வாக இருப்பதும், ஒளியின் மேல் விளிம்பு கத்தி வெட்டினாற்போல் நிற்பதும். பனிக்கென்று தனி ஜோடி மாட்டினால் அதை ஹை பீமோடு இணைக்காதீர்கள், பார்க்கிங் விளக்கோடு தனி ரிலேயில் போடுங்கள்.

மாட்டும் இடத்துக்கு வந்தால், கிராஷ் கார்டுதான் பெரும்பாலோர் தேர்வு. இடம் தாராளம், இரண்டு விளக்குக்கும் நடுவே அகலம் கிடைக்கும். ஹெட்லைட்டோடு சேர்ந்து முக்கோணமாகத் தெரிவதால் எதிரே வருபவரும் நீங்கள் எவ்வளவு தூரத்தில் வருகிறீர்கள் என்று கணிக்கச் சுலபம். தாழ்வாக வைத்தால் சாலையின் மேடு பள்ளங்கள் நீண்ட நிழல் போடும். குழி முன்கூட்டியே தெரியும், ஆனால் அரை அங்குலப் பள்ளமும் பெரிய கிடங்குபோல் தோன்றும், பழகக் கொஞ்ச நாளாகும். கண்ணாடித் தண்டில் உயரமாக மாட்டினால் மழையிலும் தூசியிலும் ஒளி உங்கள் பார்வைக்கு நேரே சிதறித் திரும்பும். முன் ஃபோர்க்கில் மாட்டினால் ஹேண்டிலோடு திரும்பும், மெதுவாக வளையும்போது நல்லது. ஆனால் வயர் ஒவ்வொரு திருப்பத்திலும் வளையும்.

எங்கே மாட்டினாலும் மூன்றைப் பாருங்கள். ரேடியேட்டர், ஆயில் கூலருக்குக் காற்று மறைக்கக் கூடாது. முன் சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கினாலும் மட்கார்டு விளக்கில் இடிக்கக் கூடாது. ஹேண்டிலை இடது கடைசி வரையும் வலது கடைசி வரையும் திருப்பினால் எதுவும் இழுபடக் கூடாது. வயர் ஹேண்டிலுக்குப் போகும் கழுத்துப் பகுதியில் மெதுவாகத் திருப்பிக்கொண்டே குனிந்து பாருங்கள். ஃபிரேமுக்கும் ஃபோர்க் பிராக்கெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு பக்கம் திரும்பும்போது விரல் நுழையாத அளவு குறுகும். வயர் அங்கே மாட்டினால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கும். வண்டியின் சொந்த வயரிங் எந்த வழியாகப் போகிறதோ அதை ஒட்டியே, ஒரு வளைவு தளர்வு விட்டு, உங்களுடையதையும் கொண்டுபோங்கள். கழுத்தில் கேபிள் டையை இறுக்காதீர்கள். விளக்குக்குள் நுழையும் இடத்தில் வயர் ஒருமுறை கீழே தொங்கி மேலேறினால் தண்ணீர் வழிந்து கீழேயே சொட்டிவிடும். ஐ.பி. 67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்றுதான் பொருள். வாட்டர் சர்வீஸில் பிரஷராக அடிக்கும் தண்ணீருக்கு அது உத்தரவாதம் இல்லை.

கடைசி வேலை கோணம் வைப்பது. பகலில் வயரிங் முடித்து, மாலையில் சமதளத்தில் சுவரில் இருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டயரில் சரியான காற்று இருக்கட்டும். ஸ்டாண்டில் போடாமல் வண்டியை நேராக நிமிர்த்தி, நீங்கள் வழக்கமான எடையோடு மேலே உட்கார வேண்டும், இன்னொருவர் சுவரில் குறி போடட்டும். விளக்கின் மையம் தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு. ஹை பீமோடு எரியும் விளக்கின் பிரகாசமான மையம் அந்தக் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே, அதாவது நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில், விழட்டும். 60 சென்டிமீட்டர் உயர விளக்கு அந்தச் சரிவில் 60 மீட்டரில் தரையைத் தொடும். பனி விளக்கு என்றால் மேல் விளிம்பு கோட்டுக்கு 20 சென்டிமீட்டர் கீழே, அது 30 மீட்டரில் தொடும்.

இந்த நூற்றுக்கு ஒன்று எவ்வளவு நுட்பமான அளவு என்று பாருங்கள். முன், பின் சக்கரங்களின் மையத்துக்கு இடையே 135 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் ஒருவர் ஏறி, பின் சஸ்பென்ஷன் மட்டும் இன்னொரு 3 சென்டிமீட்டர் அமுங்கினால் வண்டி நூற்றுக்கு 2.2 அளவு மேல்நோக்கிச் சாயும். நீங்கள் ஒன்று கீழே இறக்கி வைத்தது போய், இப்போது ஒன்றுக்கு மேல் மேலே பார்க்கும். எதிரே காரில் வருபவர் கண்ணுக்கு நேராக! பெரும்பாலும் இரண்டு பேர், பெட்டிச் சுமை என்று போவீர்கள் என்றால் அந்தச் சுமையோடு கோணம் வையுங்கள், அல்லது பின் ஷாக்கின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தைக் கூட்டுங்கள். இதனால்தான் டிம்மிலும் எரியும்படி கூடுதல் விளக்கை விடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. கோணம் எவ்வளவு கவனமாக வைத்தாலும் ஒரு ஆள் ஏறினால் அது மாறிவிடும், ஹை பீம் இணைப்பு மாறாது.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. எத்தனை விளக்கு, எந்த உயரம், எதனோடு சேர்ந்து எரியலாம் என்று உங்கள் ஊர் வாகன விதியில் இருப்பதை மாட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். ஐ.நா. வாகன ஒழுங்குமுறைகளைப் பின்பற்றும் நாடுகளுக்கான விளக்கு என்றால் கண்ணாடியிலேயே வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். முன்பக்கப் பனி விளக்குக்கு அதன் அருகே பி அல்லது எஃப்3 என்ற குறி வரும். அந்தக் குறி உள்ள விளக்கின் ஒளி வடிவம் சோதிக்கப்பட்டது என்பதால், சட்டம் கேட்காவிட்டாலும் அதைத் தேடி வாங்குவது நல்லது.

வேலை தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், முடிக்கும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் போல்ட்டில் இருக்கும் ஸ்பானர் ஃபிரேமைத் தொட்டால் அங்கேயே பெரும் பொறி பறக்கும். டேங்க், சீட் எல்லாவற்றையும் மூடுவதற்கு முன் எரியவிட்டுப் பாருங்கள். கால் மணி நேரம் எரிந்தபின் ஃபியூஸ் ஹோல்டர், ரிலே, கப்ளர் ஒவ்வொன்றையும் விரலால் தொடுங்கள். ரிலே வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. ஃபியூஸ் ஹோல்டரோ ஏதாவது இணைப்போ கை வைக்க முடியாமல் சுட்டால் அந்த கிரிம்ப் சரியில்லை, வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். விளக்கின் அலுமினிய முதுகு சூடாகத்தான் இருக்கும், ஓடும்போது காற்றில் தணியும். நிறுத்திவைத்து மணிக்கணக்கில் எரியவிடாதீர்கள்.

முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் பிராக்கெட் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிவிட்டு, சுவர் முன் கோணத்தையும் மறுபடி பாருங்கள். லாக் நட் போட்டிருந்தாலும் புது கிளாம்ப் கொஞ்சம் உட்காரும். சீட்டுக்கு அடியில் அதே ஆம்பியரில் இரண்டு உதிரி ஃபியூஸ் இருக்கட்டும்.